நிறுவினால் மட்டும் போதுமா? வா.செ. குழந்தைசாமியின் கல்விப் பணியிலிருந்து நாம் கற்க வேண்டியது

ஒரு பள்ளிக்கூடம் கட்டுவது என்று நம் ஜமாஅத் முடிவெடுத்துவிட்டால் பணம் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. ஜும்ஆவுக்குப் பிறகு ஓர் அறிவிப்பு போதும். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்புகிறார்கள், கடைவீதியில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள், ஒருவர் இடம் எழுதி வைக்கிறார், இன்னொருவர் சிமெண்டுக்குப் பொறுப்பேற்கிறார். இரண்டு ஆண்டில் திறப்பு விழாவும் நடந்துவிடுகிறது. அல்ஹம்துலில்லாஹ், இது நம் சமுதாயத்தின் பெரிய பலம்.

ஆனால் அதே பள்ளியைப் பத்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அறிவியல் ஆசிரியர் இடம் ஏன் காலியாக இருக்கிறது, எட்டாம் வகுப்பில் இருந்த 40 பிள்ளைகளில் பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் எத்தனை பேர், நடுவில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

நமது அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை ‘நிறுவவும் நிர்வகிக்கவும்’ உரிமை தருகிறது. அதில் இருப்பவை இரண்டு வினைச்சொற்கள். முதலாவதில் நாம் தேர்ச்சி பெற்றுவிட்டோம். இரண்டாவதை ஓர் அறிவாக, ஒரு தொழிலாக, பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தகுந்த ஒரு துறையாக நாம் இன்னும் பார்க்கவில்லை.

அப்படிப் பார்க்க உதவும் ஒரு வாழ்க்கையைத்தான் இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கொங்கு மண்ணில் பிறந்து, பேராசிரியராகத் தொடங்கி, மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தராக இருந்த டாக்டர் வா.செ. குழந்தைசாமியின் வாழ்க்கை அது.

கரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து

வா.செ. குழந்தைசாமி 1929 ஜூலை 14 அன்று கரூர் அருகே வாங்கலாம்பாளையம் என்ற கிராமத்தில் பிறந்தார். அன்றைக்குக் கரூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. கரூர் தனி மாவட்டமானது 1995இல்தான். பள்ளப்பட்டி, அரவக்குறிச்சி என்று நம் வாசகர்கள் பலருக்குச் சொந்த ஊராகவோ சம்பந்தி ஊராகவோ இருக்கும் ஊர்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. மழையை நம்பி விதைத்து, கிணற்றை நம்பிக் காப்பாற்றும் வறண்ட பூமி. அமராவதியில் தண்ணீர் வந்தால் ஒரு வாழ்க்கை, வராவிட்டால் வேறொரு வாழ்க்கை.

இந்தப் பகுதியில் பிறந்தவர் நீரைப் படிக்கப் போனார் என்பது பொருத்தமாகவே இருக்கிறது. பொறியியல் படித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் ஐ.ஐ.டி. அது. 1951இல் அதைத் திறந்து வைத்தவர் நாட்டின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். ஆசாத் அவர்கள் பிறந்த நவம்பர் 11ஐத்தான் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடுகிறோம். அவர் திறந்து வைத்த கதவு வழியாகக் கரூர்ப் பக்கத்துக் கிராமத்து மாணவர் ஒருவரும் உள்ளே போனார்.

அங்கிருந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம். நீரியலில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் வென் தே சௌ அங்கே இருந்தார். 1964இல் குழந்தைசாமி முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு, ஓர் ஆற்றுப் படுகையில் பெய்யும் மழைக்கும் நிலத்தின் மேல் ஓடி வரும் வெள்ளத்துக்கும் உள்ள உறவைப் பற்றியது. பெய்த மழையில் எவ்வளவு, எப்போது ஆற்றுக்கு வந்து சேரும்? இதைக் கணிதமாகச் சொல்ல முடிந்தால்தான் அணையும் பாலமும் வெள்ள எச்சரிக்கையும் சரியாக அமையும். இந்த ஆய்வின் தொடர்ச்சியாகச் சௌவும் அவரும் சேர்ந்து 1971இல் வெளியிட்ட நீரியல் மாதிரியை அத்துறையினர் இன்றும் அறிவார்கள்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிர்வாகத்துக்கு வந்தவர்களில் பலர் பாடம் தெரியாமல் வந்தவர்கள் என்ற குறை எப்போதும் உண்டு. குழந்தைசாமி தன் துறையில் முதலில் பெயர் எடுத்தார். நிர்வாகப் பொறுப்பு அதன் பிறகு வந்தது. ஆசிரியர்கள் மதிக்கும் நிர்வாகியாக இருக்க வேண்டுமென்றால் இந்த வரிசை முக்கியம்.

வகுப்பறையிலிருந்து துணைவேந்தர் அறைக்கு

கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், 1978இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அங்கே இருந்தது குறுகிய காலம்தான். ஆனால் அஞ்சல்வழிக் கல்வியை ஏற்கெனவே பெரிய அளவில் நடத்தி வந்த பல்கலைக்கழகம் அது. கல்லூரிக்கு வர முடியாதவர்களும் பட்டம் பெற முடியும் என்ற நடைமுறையை ஒரு பல்கலைக்கழகத்தின் உள்ளிருந்து பார்க்க அங்கே வாய்ப்பிருந்தது.

1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஒன்பது ஆண்டுகள். அண்ணா பல்கலைக்கழகம் 1978 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்து உருவான நிறுவனம் அது. ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு, தனிப் பெருமை, தனிப் பழக்கம். இவற்றை ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு முறை, ஒரே ஆய்வுக் கொள்கை என்ற கட்டுக்குள் கொண்டு வருவது எளிதல்ல. நம் ஊரில் இரண்டு மதரஸாக்களை இணைக்க முயன்றவர்களைக் கேட்டால் இதன் கஷ்டம் தெரியும்.

அவர் அங்கே இருந்த காலத்தில்தான் தமிழ்நாட்டின் பொறியியல் கல்வியே மாறியது. 1984இல் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. அதற்கு முன் கொங்கு மண்டலத்தில் பொறியியல் என்றால் கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று சில பெயர்கள்தான். 1984இல் கோவையில் குமரகுரு கல்லூரியும் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் வந்தன. அதே ஆண்டில்தான் சென்னை வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் முயற்சியில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டது. இடங்கள் பெருகின. தரத்தைக் காப்பது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. மாநிலத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் தரத்தை உயரத்தில் வைத்திருந்தால்தான் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க ஓர் அளவுகோல் இருக்கும். அந்த அளவுகோலைக் காக்கும் பொறுப்பு அந்த ஆண்டுகளில் அவரிடம் இருந்தது.

வீட்டுக்கே வந்த பல்கலைக்கழகம்

அவர் ஏற்ற பொறுப்புகளில் நம் குடும்பங்களை அதிகம் தொடுவது இதற்குப் பிறகு வந்ததுதான். 1990 முதல் 1994 வரை டெல்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது இக்னோவின், துணைவேந்தராக இருந்தார்.

இக்னோ 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. 1987இல் இரண்டே பட்டயப் படிப்புகளும் 4,528 மாணவர்களுமாகத் தொடங்கியது. அன்றைக்குத் தொலைதூரக் கல்வி என்றாலே கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் படிப்பது என்ற இளக்காரம் இருந்தது. அந்த இளக்காரத்தை மாற்ற வேண்டுமானால் பேச்சு போதாது. பாடப்புத்தகம் தரமாக இருக்க வேண்டும், ஒப்படைப்புகளைத் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும், தேர்வு நேர்மையாக நடக்க வேண்டும், ஆசிரியர்களுக்கே இந்த முறையில் பயிற்சி கொடுக்க வேண்டும். இவை எல்லாம் நிர்வாக வேலைகள். யாருடைய கண்ணுக்கும் படாதவை. சரியாக நடக்காவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரிபவை.

அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் மூன்று முக்கியமான காரியங்கள் நடந்தன. 1991இல் தூர்தர்ஷனில் இக்னோ பாடங்கள் ஒளிபரப்பாகத் தொடங்கின. அதே ஆண்டில் நாடெங்கும் தொலைதூரக் கல்வியின் தரத்தைக் கவனிக்க இக்னோ சட்டத்தின் கீழ் தொலைதூரக் கல்வி மன்றம் அமைக்கப்பட்டது. 1993இல் தொலைதூரக் கல்வி ஆசிரியர்களுக்கென்று தனிப் பயிற்சி ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்த ஆண்டே காமன்வெல்த் நாடுகளின் கற்றல் அமைப்பு இக்னோவைத் தொலைதூரக் கல்வியின் சிறப்பு மையமாக அங்கீகரித்தது.

இதை நம் வீடுகளோடு வைத்துப் பாருங்கள். கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் பத்தாவது முடிந்ததும் வாப்பாவின் கடையில் உட்காரும் பையன்களை நாம் அறிவோம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும், மேட்டுப்பாளையத்தில் மண்டிக்கும் போய்விடும் பிள்ளைகளை அறிவோம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியும், கல்லூரி தூரம் என்பதாலோ நிக்காஹ் பேசியாகிவிட்டது என்பதாலோ வீட்டோடு நின்றுவிட்ட பெண் பிள்ளைகள் இல்லாத தெரு நம் பகுதிகளில் உண்டா? 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, இந்திய அளவில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நாலில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்றது. தமிழ்நாட்டு நிலைமை வட மாநிலங்களைவிட மேலானதுதான். ஆனால் பள்ளிக்குப் பிறகு நிற்பது நம்மிடமும் உண்டு.

அப்படி நின்றவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு வழி. கடையை மூட வேண்டாம், குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டாம். தமிழ்நாட்டிலேயே 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இரண்டு விஷயங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒன்று, சேர விரும்பும் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அந்த ஆண்டுப் பட்டியலில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். இரண்டு, பத்தாவது, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகப் பட்டம் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு.

தமிழுக்குச் செய்தது

நிர்வாகப் பணிகளுக்கு நடுவே அவர் தமிழிலும் எழுதினார். ‘குலோத்துங்கன்’ என்ற பெயரில் கவிதை எழுதினார். திருக்குறளைப் பற்றிய ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. குழந்தைகள் கற்கும் சுமையைக் குறைக்க உகர, ஊகார உயிர்மெய் எழுத்துகளின் வடிவங்களைச் சீராக்க வேண்டும், 39 குறியீடுகளே போதும் என்று வாதிட்டு வந்தார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், படிக்க வருபவனின் வழியில் கிடக்கும் தடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமே அதிலும் இருந்தது.

2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனத் தலைவர் அவர்தான். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று அழைக்கப்படும் இதன் வழியாக, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் வளரும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தமிழ் கற்கவும் தமிழ் நூல்களைப் படிக்கவும் முடிகிறது. அரசு அவருக்கு 1992இல் பத்மஸ்ரீயும் 2002இல் பத்மபூஷணும் வழங்கியது. 2016 டிசம்பர் 10 அன்று சென்னையில் காலமானார்.

கல்வி நிர்வாகம் இன்று ஒரு படிப்பு

குழந்தைசாமியின் தலைமுறையினர் நிர்வாகத்தைப் பணியில் இருந்துகொண்டே கற்றார்கள். இன்று அதற்கென்றே படிப்பு இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளியை எங்கே தொடங்குவது, ஆசிரியர்களை எப்படித் தேர்வு செய்வது, செலவுக் கணக்கை எப்படித் திட்டமிடுவது, மாணவர் ஏன் நிற்கிறார் என்பதைப் புள்ளிவிவரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பவைதான் இத்துறையின் பாடங்கள்.

இதற்கான தேசிய நிறுவனம் டெல்லியில் உள்ள நீபா. 1962இல் யுனெஸ்கோ ஒத்துழைப்போடு ஆசிய நாடுகளின் கல்வி நிர்வாகிகளுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கி, 1979இல் தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனம் என்ற பெயர் பெற்று, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் நிரப்பப்படும் பள்ளித் தகவல் படிவ முறை இங்கேதான் உருவானது.

இத்துறையில் பேராசிரியராக விரும்புபவருக்கு வழி இதுதான். பட்டம், பி.எட்., எம்.எட். அல்லது கல்வியியலில் எம்.ஏ., அதில் குறைந்தது 55 விழுக்காடு, பிறகு கல்வியியல் பாடத்தில் நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம். பி.எட்.டும் எம்.எட்.டும் 2015 முதல் ஈராண்டுப் படிப்புகளாக நடக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, கல்லூரி முதல்வராக முனைவர் பட்டமும் 15 ஆண்டு அனுபவமும் வேண்டும். துணைவேந்தராகக் குறைந்தது 10 ஆண்டு பேராசிரியராகவோ, புகழ்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்திலோ பணியாற்றியிருக்க வேண்டும். நீண்ட பாதைதான். மருத்துவமும் நீண்ட பாதைதான், அதற்கு நாம் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவதில்லையே.

கோவையில் இருப்பவர்களுக்கு வழி அருகிலேயே இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் கல்வியியல் கல்லூரி 1950இலிருந்து ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. பெண்களுக்கு அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இக்னோவில் கல்வி மேலாண்மை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயம் உண்டு. எந்தப் பட்டதாரியும் வேலையை விடாமல் படிக்கலாம்.

நம் நிர்வாகக் குழுக்களுக்கு

30ஆவது பிரிவு தரும் உரிமையை உச்ச நீதிமன்றம் பலமுறை காத்திருக்கிறது. ஆனால் 1958இல் கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது. இது நமக்கு எதிராகச் சொல்லப்பட்டது அல்ல. நம் பிள்ளைகளுக்காகச் சொல்லப்பட்டது.

எனவே நம் பள்ளி, கல்லூரி அறக்கட்டளைகளின் பொறுப்பாளர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

அடுத்த கட்டடத்துக்கு வசூலிக்கும்போது, அதில் ஒரு சிறு பங்கை உங்கள் தலைமையாசிரியரோ இளம் ஆசிரியர் ஒருவரோ கல்வி நிர்வாகம் படிப்பதற்கு ஒதுக்குங்கள். ஒரு வகுப்பறைக்கு ஆகும் செலவில் பலர் படித்துவிடலாம்.

எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு பதிவேட்டில் வையுங்கள். யார் நின்றார், ஏன் நின்றார், வீட்டுக்குப் போய்ப் பேசியது யார் என்று எழுதுங்கள். ஜமாஅத்தில் சந்தாவுக்குப் பதிவேடு வைத்திருக்கும் நமக்கு இது புதிய வேலை அல்ல.

ஆசிரியர் சம்பளத்தைத் தாமதிக்காதீர்கள். நல்ல ஆசிரியர் போனால் திரும்ப வருவதில்லை.

நிர்வாகக் குழுவில் படித்த பெண்களுக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் இடம் கொடுங்கள். பள்ளியை வகுப்பறையிலிருந்து பார்த்தவர் ஒருவராவது அந்த மேசையில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து டாக்டரா, இன்ஜினியரா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளியை நடத்தத் தெரிந்தவர், கல்லூரியை நடத்தத் தெரிந்தவர் நம் சமுதாயத்துக்குத் தேவைப்படுகிறார் என்பதையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பெய்த மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வந்து சேர்கிறது என்பதை ஆராய்ந்தவர் குழந்தைசாமி. நம் சமுதாயம் கல்விக்காகக் கொடுப்பதும் மழைதான். அது நம் பிள்ளைகளிடம் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் நம் வீடுகளிலிருந்தும் உருவாக வேண்டும். இன்ஷா அல்லாஹ், உருவாவார்கள்.